பழைய லேப்டாப்பில் லினக்ஸ்... வைஃபை வரலைன்னா என்ன செய்யணும்?

ஆன் செய்தால் ஓடும். ஆனால், பிரௌசர் திறப்பதற்குள் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம். எடைக்குப் போடவும் மனசு வராது, வைத்துக்கொள்ளவும் பிடிக்காது. இப்படி ஒரு பழைய லேப்டாப் பல வீடுகளில் இருக்கும்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், இன்டெல் பிராசஸர்களில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை அது ஏற்பதில்லை. அதனால்தான், 'லினக்ஸ் போட்டுப் பாருங்களேன்' என்ற யோசனை இப்போது அதிகம் காதில் விழுகிறது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது புதிய பெயரும் அல்ல. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கியது அது.

ஆனால், ஆசையாக லினக்ஸ் போட்டவர்களில் பலர் ஒரே வாரத்தில் கைவிடுவார்கள். 'வைஃபையே வரலைங்க' என்பார்கள். உண்மையில், இது பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தீரக்கூடிய பிரச்னைதான்.

போடுவதற்கு முன்னாடி ஓட்டிப் பாருங்க

லினக்ஸில் ஒரு பெரிய வசதி உண்டு. ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல், பென் டிரைவில் இருந்தே அதை ஓட்டிப் பார்க்கலாம். 'லைவ்' முறை என்பார்கள். வைஃபை வருகிறதா, சவுண்டு கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் மறுபடி விழித்துக்கொள்கிறதா... எல்லாவற்றையும் இப்படியே பார்த்துவிடலாம். பென் டிரைவில் ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

புதிதாக வருபவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' வசதியானது. அதிலும் 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற வகை பழைய கணினிக்கு ஏற்றது. குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் வேண்டும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. மிகப் பழைய 32 பிட் கணினி என்றால் இப்போதைய மின்ட் ஓடாது.

பென் டிரைவிலேயே சிக்கலா?

டவுன்லோடு செய்த ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ், எட்சர் மாதிரியான இலவச மென்பொருள் மூலம்தான் எழுத வேண்டும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். ரொம்பப் பழைய கணினி என்றால் ரூஃபஸில் 'எம்பிஆர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கணினியை ஆன் செய்ததும் பூட் மெனுவுக்கான கீயைத் தட்ட வேண்டும். பல லேப்டாப்களில் எஃப்12, ஹெச்பி-யில் எஃப்9 அல்லது எஸ்கேப். லோகோ வந்து, பிறகு திரை கறுப்பாகவே நிற்கிறதா? கணினி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், கிராபிக்ஸ் தகராறாக இருக்கலாம். மின்ட்டின் தொடக்கப் பட்டியலில் 'கம்பாட்டிபிலிட்டி மோடு' என்று இருக்கும். அதில் நுழைந்து பாருங்கள்.

வைஃபை ஏன் வரலை?

முதலில் எளிமையானது. பழைய லேப்டாப்களின் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ வைஃபைக்கென்றே சின்ன ஸ்விட்ச் இருக்கும். அது ஆஃப் ஆகியிருந்தால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. கீபோர்டில் ஆன்டெனா படம் போட்ட கீயையும் பாருங்கள்.

அடுத்தது சிப். வைஃபை சிப் வேலை செய்ய, அதைத் தயாரித்த நிறுவனத்தின் ஃபர்ம்வேரோ டிரைவரோ வேண்டும். இன்டெல், ஏதெரோஸ் சிப்கள் பெரும்பாலும் தானாகவே ஓடிவிடும். பிராட்காம் சிப்கள்தான் அதிகம் படுத்தும். அதன் டிரைவர் திறந்த மூல மென்பொருள் அல்ல என்பதால், பல லினக்ஸ் வகைகளில் நாம்தான் தனியாகப் போட வேண்டும்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும்!

தீர்வு உங்கள் கையில் இருக்கும் போன்தான். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். கேபிள் இன்டர்நெட் போலவே லினக்ஸ் அதை எடுத்துக்கொள்ளும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள் என்றால் வேலை செய்யாது. பெரும்பாலான போன்களில், போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதே இணைப்பைத்தான் கணினிக்கும் கொடுக்கும். மொபைல் டேட்டா கரையாது.

நெட் வந்ததும் மின்ட்டின் மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' திறந்து, அது பரிந்துரைக்கும் டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதும் வரவில்லை என்றால், பயாஸில் 'செக்யூர் பூட்' ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது இதுபோன்ற டிரைவர்களைத் தடுக்கக்கூடும்.

வைஃபை இருக்கு, நம்ம வீட்டுப் பெயரைக் காணோம்!

பக்கத்து வீட்டு வைஃபை தெரியும், நம் வீட்டுடையது தெரியாது. பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் பிடிபடும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஆன் ஆகியிருந்தால் லேப்டாப்புக்குக் கண் தெரியாது. ரூட்டர் செட்டிங்கில் 2.4-ஐயும் ஆன் செய்யுங்கள். பெயர் தெரிந்தும் பாஸ்வேர்டை ஏற்காமல் அடம்பிடித்தால், ரூட்டர் 'டபிள்யூபிஏ3' பாதுகாப்பில் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து, 'டபிள்யூபிஏ2'-வும் சேர்ந்த நிலைக்கு மாற்றுங்கள்.

இன்னொரு வேடிக்கையான சிக்கல், தேதி! வைஃபை இணைந்திருக்கும், எந்த வெப்சைட்டும் திறக்காது, 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று மிரட்டும். மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்து, கணினி பல வருடம் பின்னோக்கிப் போயிருக்கும். தேதியைச் சரிசெய்தால் தளங்கள் திறக்கும். பேட்டரியையும் மாற்றிவிட்டால் மறுபடி தொல்லை இல்லை.

இந்த ஒரு திரையில் மட்டும் அவசரம் வேண்டாம்

இன்ஸ்டால் செய்யும்போது, டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டுப் போடவா என்று ஒரு கேள்வி வரும். சரி என்றால் விண்டோஸ் மட்டுமல்ல, குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்களும் சேர்ந்தே போகும். வைஃபைக்கு வழி உண்டு, இதற்குக் கிடையாது. முக்கியமான எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, வேறு கணினியில் திறந்து பார்த்த பிறகே அந்த பட்டனை அழுத்துங்கள்.

எல்லோருக்கும் சரிவருமா?

டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று தொழிலுக்குப் பயன்படும் கணினியில் உடனே மாற்ற வேண்டாம். பிள்ளைகளின் படிப்பு, யூடியூப், ஆன்லைன் விண்ணப்பங்கள், லிப்ரெ ஆபீஸில் கடிதம் அடிப்பது, தமிழ்99-ல் தட்டச்சு செய்வது... இவற்றுக்குத் தாராளமாகப் போதும். கூடவே ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி மாற்றினால், வேகத்தில் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

முதலில் ஒரு பென் டிரைவ், ஒரு டேட்டா கேபிள், ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம். செலவு இவ்வளவுதான். எடைக்குப் போடுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.