எரிமலைக்குக் காவல் எதற்கு?

1989-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த டச்சுக் கம்பெனியின் ராட்சத ஜெட் விமானம் ஒன்று, அலாஸ்காவில் உள்ள ஆங்கரேஜ் நகரில் இறங்குவதற்காகத் தணிந்துகொண்டிருந்தது. உள்ளே 245 பேர்.

திடீரென்று வெளியே ஒரே இருட்டு. விமானிகளின் அறைக்குள் தூசி புகுந்தது. மேலே ஏறித் தப்பிவிடலாம் என்று இயந்திரங்களை முடுக்கினார்கள். சற்று நேரத்தில் நான்கு இயந்திரங்களும் நின்றுவிட்டன!

விமானம் 14 ஆயிரம் அடிக்குமேல் கீழே வந்துவிட்டது. அடியில் பனி மூடிய மலைகள். விமானிகள் மறுபடி மறுபடி முயன்றார்கள். கடைசியில் இயந்திரங்கள் உயிர் பெற்றன. ஆங்கரேஜில் பத்திரமாக இறங்கினார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை. விமானத்துக்கு ஏற்பட்ட சேதம் மட்டும் 8 கோடி டாலர்!

இத்தனைக்கும் காரணம் ரிடவுட் என்ற எரிமலை. எரிமலைச் சாம்பல் நம் வீட்டு அடுப்புச் சாம்பல் போன்றதல்ல. பாறையும் கண்ணாடியும் மாவாக அரைபட்டது அது. ஜெட் இயந்திரத்தின் சூட்டில் உருகி, உள்ளே பாகுபோல் ஒட்டிக்கொண்டு, காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும்.

இப்படிப்பட்ட மலைகளை இரவு பகலாகக் கவனித்து வருவது அமெரிக்க பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவின் வேலைகளில் ஒன்று. 1879-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி பிறந்த இலாகா இது. முதல் ஆண்டு ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பணம் ஒரு லட்சம் டாலர். பூமிக்குள் என்ன தாது இருக்கிறது, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, நிலம் எங்கே நடுங்கும் என்பதையெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆபத்து வராத வரையில் இந்த வேலை யார் கண்ணிலும் படாது. ஆகவே, பட்ஜெட் காலத்தில் கத்தரிக்கோல் இந்தப் பக்கம் திரும்புவது புதிதல்ல.

ஒற்றைக்கை டைரக்டர்

ஜான் வெஸ்லி பவல் என்பவர் 1881-ல் இதன் டைரக்டர் ஆனார். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். அந்த ஒற்றைக்கையோடு 1869-ல் கொலராடோ ஆற்றின் பயங்கரப் பள்ளத்தாக்கில் படகில் போய் வந்த தீரர்.

மேற்குப் பகுதியின் வறண்ட நிலங்களில் எங்கெங்கே பாசனம் செய்யலாம் என்று அளந்து சொல்லும்படி 1888-ல் காங்கிரஸ் சபை அவரைக் கேட்டுக்கொண்டது. பணமும் கொடுத்தது. அளந்து முடியும்வரை யாரும் அந்த நிலங்களை மடக்கிவிடக்கூடாது என்று 1889-ல் நில விநியோகமும் நிறுத்தப்பட்டது. வந்தது வினை! மேற்கு ராஜ்யங்களின் செனட்டர்கள் கொதித்து எழுந்தார்கள். 1890-ல் அந்த சர்வேக்குப் பணம் நின்றது. 1892-ல் இலாகாவின் மொத்தப் பணத்திலும் வெட்டு விழுந்தது.

1893-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த பாசன மகாநாட்டில் பவல் உள்ளதைச் சொன்னார்: இருக்கிற நிலம் முழுவதற்கும் பாய்ச்சத் தண்ணீர் கிடையாது! கூட்டத்தினர் கூச்சல் போட்டு அவரை அவமதித்தார்கள். மறு ஆண்டு அவர் பதவியை விட்டார். கணக்குச் சொன்னவர் போனாரே தவிர, ஆற்றில் தண்ணீர் கூடவில்லை. 1922-ல் கொலராடோ ஆற்று நீரைப் பங்கு போட்டபோது, ஆற்றில் சராசரியாக ஓடுவதைவிட அதிகம் இருப்பதாக எண்ணிப் பங்கு போட்டார்கள். அந்தத் தகராறு இன்னும் ஓயவில்லை.

26 நாளில் வந்த பதில்

2009 பிப்ரவரி 24-ந் தேதி ஜனாதிபதி ஒபாமாவின் பேச்சுக்கு எதிர்க்கட்சியின் பதிலைச் சொல்ல வந்தார், லூயிசியானா கவர்னர் பாபி ஜிண்டால். பஞ்சாபிலிருந்து போய்க் குடியேறிய பெற்றோரின் மகன். சர்க்காரின் வீண் செலவுக்கு உதாரணமாக, எரிமலையைக் கண்காணிக்க 14 கோடி டாலரா என்று கேலி செய்தார். உண்மையில் அந்த 14 கோடி இலாகாவின் பலவகை வேலைகளுக்கும் சேர்த்துக் கொடுத்தது. எரிமலைக்கு அதில் ஒரு சிறு பங்குதான். 2005-ல் காட்ரீனா புயலில் சின்னாபின்னமான ராஜ்யத்தின் கவர்னர், புயலைக் கண்காணிக்கும் செலவை இப்படிக் கேலி செய்திருப்பாரா?

மார்ச் 22-ந் தேதி இரவு ரிடவுட் மறுபடி வெடித்தது! ஆனால், இந்தத் தடவை ஜனவரி மாதத்திலிருந்தே நிபுணர்கள் எச்சரித்து வந்தார்கள். விமானங்கள் ரத்தாயின. ஆகாயத்தில் யாரும் அகப்பட்டுக்கொள்ளவில்லை.

பினடூபோ சொன்ன கணக்கு

எச்சரிக்கையின் விலை என்ன? பிலிப்பைன்ஸ் தீவில் பினடூபோ மலை 1991 ஏப்ரலில் புகையத் தொடங்கியது. அந்நாட்டு நிபுணர்களும் அமெரிக்க இலாகாவின் நிபுணர்களும் மலையைச் சுற்றிக் கருவிகளை வைத்தார்கள். பூமியின் அதிர்ச்சியையும், மலை கக்கிய கந்தக வாயுவையும் அளந்தார்கள். மக்களை வெளியேற்றச் சொன்னார்கள். ஜூன் 10-ந் தேதி கிளார்க் விமானத் தளம் காலியாயிற்று.

ஜூன் 15-ந் தேதி மலை வெடித்துச் சிதறியது. அதே நாளில் புயலும் சேர்ந்துகொண்டது. ஈரச் சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து பலநூறு பேர் மாண்டார்கள். ஆனால் எச்சரிக்கையால் பிழைத்தவர்கள் 5 ஆயிரம் பேருக்குக் குறையாது. தப்பிய சொத்து 25 கோடி டாலருக்குக் குறையாது. நிபுணர்களின் வேலைக்கு ஆன செலவோ சுமார் 15 லட்சம் டாலர்தான்!

அமெரிக்காவில் வெடிக்கக்கூடிய எரிமலைகள் சுமார் 170 உண்டு. ஆபத்தானவற்றுக்கெல்லாம் போதிய கருவிகள் வைக்க வேண்டும் என்ற திட்டத்தை இலாகா 2005-ல் வெளியிட்டது. சட்டம் வந்தது 2019-ல். ஐந்து ஆண்டுகளில் 5½ கோடி டாலர் வரை ஒதுக்கலாம் என்று அந்தச் சட்டம் அனுமதித்தது. அனுமதி வேறு, பணம் வேறு. பணம் வேண்டுமானால் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் தனியாகக் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.