சிவப்புக் கோடும் கரும்புள்ளியும்

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அச்சுத் தொழில் செய்துவந்த பெஞ்சமின் பிராங்க்ளின், தன் இருபதுகளில் ஒரு சிறு நோட்டைத் தானே தயாரித்துக்கொண்டார். அளவாக உண்பது, வீண் பேச்சைக் குறைப்பது, ஒழுங்கு, சிக்கனம், பணிவு என்று தனக்கு வேண்டிய 13 குணங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார். சிவப்பு மையால் வார நாட்களுக்கு ஏழு கட்டங்கள், குணங்களுக்கு 13 வரிகள். இரவில் அன்றைய நாளை நினைத்துப் பார்த்து, எதில் தவறினாரோ அங்கே ஒரு கரும்புள்ளி. வாரம் ஒரு குணத்தின் மேல் தனிக் கவனம். 13 வாரங்களில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்றுகள்.

புதுச் சுற்றுக்கு இடம் வேண்டுமென்று பழைய புள்ளிகளைச் சுரண்டி எடுப்பார். சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையானது. பிறகு தந்தத் தகடுகள் கொண்ட குறிப்பேட்டுக்கு மாறி, பென்சிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். பின்னாளில் மின்னலையே ஆராய்ந்த மனிதர், தன்னைப் பற்றித் தானே திரட்டிய தரவுகளை அழித்துவிட்டாரே என்பது என் ஆதங்கம். நான்கு சுற்றுகளையும் அருகருகே வைத்திருந்தால், எந்தக் குணம் எப்போது வசப்பட்டது என்று தெரிந்திருக்கும். ஒழுங்குதான் தன்னை அதிகம் படுத்தியது என்று சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

இப்படிக் குறித்துவைப்பதால் பலன் உண்டா? 138 ஆய்வுகளை, ஏறக்குறைய 20,000 பேரின் தரவுகளை, ஒன்றாகத் தொகுத்து அலசிய கட்டுரை ஒன்று 2016-இல் வெளியானது. தங்கள் முன்னேற்றத்தைக் கவனித்துவருபவர்கள் இலக்கை எட்டும் வாய்ப்பு கூடுகிறது. மனக்கணக்காக வைத்துக்கொள்ளாமல் பதிவு செய்யும்போது பலன் இன்னும் பெரிது என்றது அது. இதில் வியப்பில்லை. பழக்கம் என்றாலே யோசிக்காமல் நடப்பது. யோசிக்காமல் செய்ததை நினைவு எப்படிச் சரியாகச் சொல்லும்? பேனாவைக் கையில் எடுக்கும்போதுதான் அது நம் கவனத்துக்கே வருகிறது.

ஆனால் ஒரு பழக்கம் படிய, பிராங்க்ளின் கொடுத்த ஒரு வாரம் போதாது. பலர் சொல்லும் 21 நாள் கணக்கும் நம்பத்தக்கதல்ல. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, இரவு உணவுக்கு முன் ஓடுவது போல ஒரே ஒரு புதுச் செயலைத் தேர்ந்துகொண்டார்கள். அது தானாக நிகழும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாட்கள். ஆளுக்கு ஆள் இது 18 நாள் முதல், ஆய்வுக் காலத்தைத் தாண்டிய கணிப்பாக 254 நாள் வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது. உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை.

அந்த ஆய்வில் ஒவ்வொரு செயலும் தினமும் வரும் ஒரு நேரத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததைக் கவனியுங்கள். பணிவுக்கும் ஒழுங்குக்கும் அப்படி ஒரு நேரம் கிடையாது. பிராங்க்ளின் திணறியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே நான்கு தாள்களை மடித்து நடுவில் நூல் கோத்து, நீங்களே ஒரு நோட்டுத் தைத்தால், ‘என்ன செய்ய வேண்டும்’ என்பதற்குப் பக்கத்தில் ‘எதற்குப் பிறகு’ என்று இன்னொரு கட்டமும் போடுங்கள். ‘நடைப்பயிற்சி’ என்று மட்டும் எழுதாமல், ‘காலைக் காபிக்குப் பிறகு நடை’ என்று எழுதுங்கள். ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு செயல்கள் போதும். விட்டுப்போன நாளின் கட்டத்தில் காரணத்தை ஒரு சொல்லில் குறியுங்கள்: மழை, விருந்தாளி, காய்ச்சல். மாதம் முடிந்ததும் அதை அழிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.