வட்ட வலை பிறந்தது ஒரு தடவையா, ரெண்டு தடவையா?

ஹாஸ்டல் வெளிச்சுவரில், லைட்டுக்குப் பக்கத்தில் வட்டமா ஒரு வலையைப் பார்த்திருப்பீங்க. விளக்குமாறை எடுக்கிறதுக்கு முன்னாடி, அது கட்டப்பட்ட வரிசையைக் கொஞ்சம் கேளுங்க.

சிலந்தி முதலில் ஒரு நூலைக் காற்றில் மிதக்க விடும். எதிர்ப்பக்கம் எதிலாவது ஒட்டினால் பாலம் ரெடி. பிறகு வெளிச்சட்டம், மையத்திலிருந்து விரியும் ஆரங்கள். அதன்பின் மையத்திலிருந்து வெளியே பசை இல்லாத ஒரு சுருள் போடும். சிவில் பசங்களுக்கு உடனே புரியும்: இது சாரம். அதில் கால் ஊன்றி, வெளியிலிருந்து உள்ளே வந்தபடி ஒட்டும் சுருளை நெய்யும். நெய்ய நெய்ய சாரத்தைப் பிரித்துவிடும். பல இனங்கள் இதை இருட்டில், கால்களின் தொடு உணர்வை நம்பியே செய்கின்றன.

சிக்கல் எங்கேன்னா, இந்த வேலையை ரெண்டு கூட்டம் செய்யுது. அரேனியஸ் வகையினர் சுருள் நூலில் பசைத் துளிகளைக் கோக்கிறார்கள். உலோபோரஸ் வகையிடம் பசையே கிடையாது. சல்லடை போன்ற ஒரு தட்டிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான மெல்லிழைகளைப் பின்னங்கால் சீப்பால் சீவிப் பஞ்சாக்குகிறது. ஈரமே இல்லாமல் பூச்சி அதில் சிக்கும். (இந்தக் குடும்பத்துக்கு விஷச் சுரப்பியும் இல்லை. இரையை நூலால் இறுகச் சுற்றிவிடும்.)

நூல் வேறு, ஆனால் கட்டும் வரிசை ஒன்று. அதனால் இரண்டுக்கும் மூதாதை ஒன்றே, வட்ட வலை ஒரே முறைதான் தோன்றியது என்று 1986-ல் ஜோனதன் காடிங்டன் வாதிட்டார். அது ரொம்ப நாள் நின்றது. 2014-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் நூற்றுக்கணக்கான ஜீன்களை ஒப்பிட்டபோது வேறு படம் வந்தது. உலோபோரஸுக்கு நெருங்கிய சொந்தம் அரேனியஸ் இல்லை. வலையே கட்டாமல் தாவியும் ஓடியும் வேட்டையாடும் சிலந்திகள்!

அப்படின்னா ரெண்டே வழி. ஒன்று, வட்ட வலை தனித்தனியே இருமுறை உருவானது. இல்லையென்றால், மிகப் பழைய மூதாதை ஒன்று அதைக் கட்டியது, தாவும் சிலந்திகளின் முன்னோர் பிறகு கைவிட்டுவிட்டார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு இரண்டாவதே நம்பும்படியா இருக்கு. வலையைக் கைவிடுவது சிலந்திக்கு அவ்வளவு அரிதான காரியம் இல்லை. அரேனியஸ் குடும்பத்திலேயே போலாஸ் சிலந்தி என்று ஒன்று உண்டு. அது வட்டத்தை மொத்தமா விட்டுட்டு, ஒற்றை நூல் நுனியில் ஒரு பசை உருண்டையைத் தொங்கவிட்டு, பெண் அந்துப்பூச்சியின் வாசனையைப் பரப்பி, தேடி வரும் ஆண் பூச்சியை அந்த உருண்டையாலேயே அடித்துப் பிடிக்கிறது.