அசோகா பல்கலைக்கழகம்: வியப்பும் சினமும் பிறக்கும் ஒரே வாசல்

அரியானா மாநிலம் சோனிபட்டில் 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அசோகா பல்கலைக்கழகம், இன்று நாட்டின் தனியார் உயர்கல்வியின் அடையாளமாகப் பேசப்படுகிறது. "அப்படியொரு இடத்தில் படிக்கக் கிடைக்காதா" என்று ஏங்கும் மாணவரே, "அது நம்மவர்களுக்காகக் கட்டப்பட்டதன்று" என்று சினக்கவும் செய்கிறார். இதனைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஆனால் ஏக்கத்துக்கும் சினத்துக்கும் ஊற்று ஒன்றுதான். யாரை உள்ளே விடுவது என்பதை அந்நிறுவனமே முடிவு செய்து கொள்ளும் உரிமையே அது. அவ்வுரிமையின் எல்லையை வகுப்பது சட்டம் என்பதால், இது ஓர் உணர்ச்சிச் சிக்கல் மட்டுமன்று, சட்டச் சிக்கலும் ஆகும்.

வியப்புக்கு நியாயம் உண்டு

அரசுப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. குறைந்த ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்களே பல துறைகளைத் தாங்கி நிற்கின்றனர். இந்நிலையில், இயற்பியல் மாணவர் மெய்யியலும் வரலாறும் பயிலலாம், பேராசிரியரோடு நேருக்கு நேர் விவாதிக்கலாம் என்பதெல்லாம் பெரிய ஈர்ப்பே. நன்கொடை வாங்கிக்கொண்டு சீட்டு விற்கும் கல்லூரிகளின் வரிசையில் இதனை வைக்க முடியாது. ஒரே குடும்பத்தின் சொத்தாக அல்லாமல், பல கொடையாளர்களின் பணத்தில் உருவானது இது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் தருகிறது.

தனியார் பல்கலைக்கழகம் என்பதாலேயே ஒன்றை நாம் புறந்தள்ள முடியாது. 1913ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர் சென்று சேர்ந்த கொலம்பியாவும் தனியார் பல்கலைக்கழகமே. ஆனால் அவரை அங்கே கொண்டு சேர்த்தது பரோடா அரசின் உதவித்தொகை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

தகுதி என்னும் சல்லடை

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், திறனறித் தேர்வு, கட்டுரை, நேர்காணல், பாடம் சாராத ஈடுபாடுகள் ஆகிய அனைத்தையும் சேர்த்து மாணவரை எடைபோடுகிறது அசோகாவின் சேர்க்கை முறை. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் சரளமான ஆங்கிலம், விவாத மேடை அனுபவம், வழிகாட்டும் ஆசிரியர் ஆகியவை எல்லா வீடுகளிலும் எல்லாப் பள்ளிகளிலும் கிடைப்பவை அல்ல. விடுமுறை நாள்களில் தாயோடு வயல் வேலைக்குச் சென்ற மாணவியின் உழைப்பு எந்தக் கட்டத்தில் நிரப்பப்படும்?

கட்டணமோ ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. கட்டணச் சலுகை வறுமையை அளக்கிறது, சாதியை அளப்பதில்லை. மேலும் சலுகை என்பது தருபவரின் விருப்பம். இட ஒதுக்கீடு பெறுபவரின் உரிமை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே நமது விவாதங்களில் அடிக்கடி நேரும் பிழை.

2024 மார்ச்சில் அசோகாவின் மாணவர்களே ஆண்டுதோறும் சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும் எனப் போராடினர. அப்போராட்டத்தில் எழுந்த முழக்கங்களின் காணொளி பரவியது. பொதுவெளி முழக்கத்தைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கோரிக்கையைப் பற்றிப் பேசவில்லை. இத்தனைக்கும், அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புக்காக வகுப்புவாரியான மாணவர் எண்ணிக்கையை உயர்கல்வி நிறுவனங்கள் அளித்தே வருகின்றன. அரசுக்குத் தரும் எண்ணிக்கையை மாணவர்களுக்குத் தருவதில் என்ன தடை?

சட்டம் நிற்கும் இடம்

அரியானா தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டம், 2006 குறைந்தது 25 விழுக்காடு இடங்களை அம்மாநில மாணவர்களுக்கு ஒதுக்குகிறது. அந்த 25 விழுக்காட்டுக்குள் 10 விழுக்காடுதான் அம்மாநிலப் பட்டியல் சாதியினருக்கு உரியது. கணக்கிட்டால் 1000 இடங்களில் 25. அரியானா மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரோ, 2011 கணக்கெடுப்பின்படி, ஐந்தில் ஒரு பங்கினர். தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் தலித் மாணவிக்கு இந்தப் பிரிவில் இடமே இல்லை.

அரசமைப்புச் சட்டம் தடையாக நிற்கிறதா? இல்லை. அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகள் மீது இட ஒதுக்கீட்டைச் சுமத்த முடியாது என 2005ஆம் ஆண்டு இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு விடையாக 93ஆவது திருத்தத்தின் வழி 15(5) பிரிவைச் சேர்த்தது நாடாளுமன்றம். சிறுபான்மையினர் நிறுவனங்கள் நீங்கலாக, உதவி பெறாத தனியார் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். 2014ஆம் ஆண்டு பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனைச் செல்லுபடியாக்கியது.

எனினும் 15(5) அதிகாரம் அளிக்கும் பிரிவு மட்டுமே. அதனைச் செயல்படுத்தத் தனிச் சட்டம் வேண்டும். 2006ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்களோடு நின்றுவிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு, தனியார் கல்வி நிறுவனங்களுக்கான இட ஒதுக்கீட்டுச் சட்டத்தை இயற்றியது. ஆக, மனமிருந்தால் சட்டம் இயற்ற வழியுண்டு.

2025 ஆகஸ்டில் திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு, தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு ஒதுக்கச் சட்டம் இயற்றுமாறு பரிந்துரைத்தது. பிட்ஸ் பிலானி உள்ளிட்ட முன்னணித் தனியார் நிறுவனங்களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் மிகக் குறைவாகவே இருப்பதையும் அக்குழு எடுத்துக்காட்டியது.

"தனியார் பணத்தில் நடப்பதை நாம் எப்படிக் கேட்பது?" என்போருக்கு விடை எளிது. பட்டம் வழங்கும் அதிகாரத்தைச் சட்டமே தருகிறது. பல்கலைக்கழகத்தின் வருமானத்துக்கும் அதற்கு நன்கொடை தருவோருக்கும் வரிச்சலுகை உண்டு. அரசு விட்டுக்கொடுக்கும் அந்த வரி மக்கள் பணம்.

எனவே கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு தனியார் பல்கலைக்கழகமும் மாணவர், ஆசிரியர் குறித்த சாதிவாரி விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அரியானா போன்ற மாநிலங்கள் தம் சட்டங்களில் உள்ள பெயரளவு ஒதுக்கீட்டைத் திருத்த வேண்டும். நிலைக்குழுவின் பரிந்துரையை நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும். நல்ல கல்வியை மதிப்பவர்களே இவற்றை முதலில் கேட்க வேண்டியவர்கள்.