1700 ரேட்டிங் அங்கிள் உங்களைப் பார்த்து ஏன் பயப்படுறார்?

போன்ல செஸ் ஆடி தெருவுல எல்லாரையும் ஜெயிச்சாச்சு. ஒண்ணு ரெண்டு டோர்னமென்ட் ஆடி 1500 ரேட்டிங்கும் வாங்கிட்டீங்க. பொட்டிபுரத்துல இருந்து போடி வந்து, ரயிலேறி மதுரைக்கு ஆடப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். எதிர்ல 1700 ரேட்டிங் அங்கிள். பயப்பட வேண்டியது யாரு?

அவர்தான். 200 பாயின்ட் வித்தியாசம்னா, 100 ஆட்டத்துல அவர் 76 பாயின்ட் எடுக்கணும், நீங்க 24 எடுத்தா போதும்ங்கறது ஃபிடே கணக்கு. நீங்க புதுசு, அதனால 30 ஆட்டம் முடியுற வரைக்கும் உங்களுக்குப் பெருக்குத்தொகை 40. பழைய ஆளான அவருக்கு 20. நீங்க ஜெயிச்சா சுமார் 30 பாயின்ட் ஏறும், அவருக்கு 15 இறங்கும். தோத்தா உங்களுக்குப் போறது 10-க்கும் கம்மி. டிரா ஆனாலே உங்களுக்கு 10 வரவு! 18 வயசுக்குக் கீழே இருந்தா 2300 தொடுற வரைக்கும் இதே 40-தான். பத்து வயசுப் பொடியன் எதிர்ல வந்து உட்கார்ந்தா பெரியவங்க முகம் மாறுறதுக்குக் காரணம் இதுதான்.

ஆனா, போன்ல ஆடிப் பழகினவங்க ஜெயிக்கிற ஆட்டத்தையும் கோட்டை விடுறது ரூல்ஸ்லதான். போடி ஏலக்காய் மின் ஏலத்துல பட்டனை அமுக்கினா அமுக்கினதுதான் இல்லையா, இங்கேயும் அப்படித்தான். காயைத் தொட்டா அதைத்தான் நகர்த்தணும். கோணலா நிக்கிற குதிரையைச் சரிபண்ணணுமா? முதல்ல 'அட்ஜஸ்ட்'னு சொல்லிட்டுத் தொடுங்க. காய் நகர்த்தின கையாலேயே கடிகாரத்தை அமுக்கணும். தப்பான மூவ் வெச்சா எதிராளிக்கு 2 நிமிஷம் கூடும், ரெண்டாவது தடவை வெச்சா பொதுவா ஆட்டமே போச்சு. பாக்கெட்ல போன் அடிச்சா அத்தோட சரி, எழுந்து வந்துடலாம். ஒவ்வொரு மூவையும் பேப்பர்ல எழுதணும்ங்கறதும் ஆப்ல பழகின நமக்குப் பெரிய இம்சை.

சரி, நல்லா ஆடுறவங்க சொதப்பவே மாட்டாங்களா? 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப் கடைசி ஆட்டம். டிராவுக்குப் போயிட்டிருந்த பொசிஷன்ல, 55-வது மூவ்ல டிங் லிரன் யானையைத் தப்பான கட்டத்துல வெச்சார். குகேஷ் யானைகளை வெட்டிக்கொடுத்து, சிப்பாய் ஆட்டத்துக்குக் கொண்டுபோய் 18 வயசுல சாம்பியன் ஆனார். களைப்பும் கடிகாரமும் சேர்ந்தா யாருக்கும் கண்ணு மறைக்கும். நம்ம லெவல்ல அது ஒரே ஆட்டத்துல நாலு தடவை நடக்கும், அவ்வளவுதான். அதனால ஒரு சிப்பாய் போனதும் கையைக் கொடுத்துடாதீங்க.

ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஸ்கோர் ஷீட்ல கையெழுத்துப் போடுவீங்க. 15 பாயின்ட்டை விட்ட அங்கிள் வெளியே வந்து, "தம்பி, அந்த யானையை ஏன் முன்னாடியே எடுக்கல?"ன்னு கேட்பார். ரெண்டு டீ சொல்லிட்டு உட்காருங்க.