ஸ்ரீரங்கப்பட்டணம்: நடந்தே பார்ப்போம்

ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால் மைசூர்வாசிகளான நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் என்று சுற்றுகிற சுற்றில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். கோயிலில் ஒரு கும்பிடு, கும்பஸ் வாசலில் ஒரு புகைப்படம், அவ்வளவுதான்!

காவிரியின் இரண்டு கிளைகளுக்கு நடுவே, மேற்கிலிருந்து கிழக்காகச் சுமார் 5 கிலோமீட்டர் நீளமும் ஒன்றரை கிலோமீட்டர் அகலமும் உள்ள தீவு இது. நடந்தே பார்த்துவிடலாம். வழிகாட்டி வேண்டியதில்லை. கூடவே பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தமிழ்நாட்டின் ஏதாவது ஓர் ஊர் வழியெங்கும் நம் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கும்.

காலையில் மைசூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் ஏறினால் 15 கிலோமீட்டர்தான். ஸ்டேஷன் கோட்டைக்கு உள்ளேயே இருக்கிறது. 1880களின் தொடக்கத்தில் மீட்டர்கேஜ் பாதை போட்டவர்கள் கோட்டையை ஊடறுத்தே போட்டார்கள். பழைய சின்னங்களைப் பற்றி அன்று அவ்வளவு கவலை இல்லை.

ஆனால் எங்கள் ரயில்வேயின் வேறொரு முகத்தையும் இங்கேயே பார்க்கலாம். பாதையை இரட்டிப்பாக்கும் பணிக்குத் திப்பு காலத்து ஆயுதக்கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியது, எடை சுமார் 1,000 டன். அதை இடிக்காமல், அடித்தளத்துக்குக் கீழே எஃகு உத்தரங்களைச் செருகி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் தூக்கி, மெல்ல மெல்ல நகர்த்தி, 100 மீட்டருக்கும் அப்பால் 2017-ல் முழுசாகக் கொண்டுபோய் வைத்தார்கள். தண்டவாளத்தோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு இந்தத் தீவில் மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால், யாரும் எட்டிப் பார்க்காத இந்தக் கிடங்கைத்தான் சொல்வேன்.

ஸ்டேஷனுக்கு அருகிலேயே ஸ்ரீரங்கநாதசுவாமி கோயில். கங்கர் காலத்தில் தோன்றி, ஹொய்சளர், விஜயநகர மன்னர்கள் காலத்தில் வளர்ந்தது. இது ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், நம் ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். மூன்றுமே காவிரி சூழ்ந்த தீவுகள், மூன்றிலும் பள்ளிகொண்ட பெருமாள். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் தரிசனத்தை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. 1610-ல் ராஜ உடையார் இவ்வூரைத் தலைநகராக்கி, தசராவையும் இங்கேதான் தொடங்கினார். பின்னர் வந்த திப்பு சுல்தானும் இக்கோயிலுக்கு வெள்ளிப் பாத்திரங்கள் வழங்கியிருக்கிறார்.

அங்கிருந்து வடக்கு மதிலை நோக்கி நடந்தால் கர்னல் பெய்லி சிறை. சுவரில் துளையிட்ட கற்பலகைகளைக் காணலாம். கைதிகளைச் சங்கிலியால் பிணைத்த இடம். பெய்லி பிடிபட்டது எங்கே தெரியுமா? நம் காஞ்சிபுரத்துக்கு அருகில் புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10 அன்று. பல்லவ மகேந்திரவர்மனும் சளுக்கிய புலிகேசியும் மோதிய அதே புள்ளலூர்தான்! பெய்லி 1782-ல் இவ்வூரிலேயே இறந்தார்.

கோட்டைக்குள்ளேயே திப்பு விழுந்து கிடந்த இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். 1799 மே 4-ஆம் தேதி அது. அவருடைய குடும்பத்தினரை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள். 1806 ஜூலையில் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின் அவர்களைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். இதைச் சொன்னதும் என்னுடன் வந்த பேரன், "அப்போ வேலூர்க் கதை இங்கேயா ஆரம்பிக்குது தாத்தா?" என்றான். பள்ளிப் பாடத்தில் படித்த இரண்டு அத்தியாயங்கள் அவனுக்கு அந்த இடத்தில் ஒன்றாயின.

இரட்டை மினார்களோடு நிற்கும் ஜும்மா மசூதியைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்கு வெளியே கிழக்கே நடந்தால், 1784-ல் திப்பு கட்டிய தேக்குமர மாளிகையான தரியா தௌலத் வரும். மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போரை முழுவதுமாக வரைந்திருக்கிறார்கள். பல்லக்கில் பெய்லி, சுற்றிலும் சதுரமாக அணிவகுத்த படை, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி என்று பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் போவதே தெரியாது. 1792 உடன்படிக்கையில் திப்பு ராஜ்யத்தில் பாதியை இழந்தார். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகாலும் திண்டுக்கல்லும் அப்போதுதான் கம்பெனியின் கைக்குப் போயின. நம்மில் பலருடைய பூர்வீக ஊர்களின் தலையெழுத்து இந்தத் தீவில்தான் மாறியது.

இன்னும் கிழக்கே கும்பஸ். ஹைதர் அலி, அவர் மனைவி, மகன் திப்பு மூவரும் ஒரே கூரையின் கீழ் உறங்குகிறார்கள். வெளியே பளபளக்கும் கருங்கல் தூண்கள், உள்சுவரில் புலிவரி ஓவியம். கடைசியாக, தீவின் கிழக்கு முனையில் சங்கமம். பிரிந்த இரண்டு கிளைகளும் இங்கே ஒன்றாகின்றன.

நம் பிள்ளைகள் பிறந்து வளர்வது கர்நாடகத்தில். வீட்டில் பேசுவது தமிழ். காவிரி என்றாலே அவர்கள் காதில் விழுவது வழக்கும் மறியலும்தான். அந்த நாட்களில் பள்ளியில் வாய் திறந்து தமிழ் பேசத் தயங்கிய குழந்தைகளை நாம் அறிவோம். "நாம் இங்கே யார்?" என்ற கேள்வி அவர்களுக்குள் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து புத்திமதி சொல்வதைவிட இந்தத் தீவில் ஒரு நாள் நடப்பது நல்ல பதில். இரண்டு நாட்டு வரலாறும் இந்த ஆற்றைப் போலத்தான், பிரிந்தும் சேர்ந்தும் வந்திருக்கிறது.

சில குறிப்புகள்: குடை, தண்ணீர், கட்டுச்சோறு கையோடு இருக்கட்டும். வயதானவர்கள் தரியா தௌலத்திலிருந்து ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். சங்கமத்தில் சுழல் உண்டு, குழந்தைகளை ஆற்றில் இறங்க விடாதீர்கள். சுவர்களில் பெயர் எழுத வேண்டாம். சாப்பிட்ட இலையையும் பையையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.