ஆண்டுக்கு ஒரு முறை வரும் பணம்



முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நான் வட்டிக் கணக்குக் கற்பித்தேன். முதல் இவ்வளவு, வட்டி வீதம் இவ்வளவு, காலம் இவ்வளவு, வட்டி யாது? இதுவே கேள்வி. கடன் வாங்கியவர் யார், எதற்காக வாங்கினார், அவர் கைக்குப் பணம் எந்த மாதத்தில் வரும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கடனாளி என்றால் வரவறியாது செலவு செய்தவர் என்பதே என் எண்ணமாக இருந்தது. ஓய்வு பெற்றபின் அமெரிக்க நாட்டு வரிச் சட்டம் ஒன்றைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அது என் எண்ணத்தை மாற்றிவிட்டது. அதனையே இன்று உங்களுக்கு விளக்கப் புகுகின்றேன்.

அந்நாட்டில் கணவரின் துணையின்றித் தாமே உழைத்துக் குழந்தைகளை வளர்க்கும் தாய்மார் பலர். கடைகளிலும் உணவு விடுதிகளிலும் முதியோர் இல்லங்களிலும் மணிக் கணக்கில் கூலி பெறுவோர் அவருள் மிகுதி. இத்தகைய குறைந்த கூலியினருக்காக 1975-ஆம் ஆண்டு ஒரு வரிச் சலுகை ஏற்பட்டது. பொதுவாக வரிச் சலுகை என்றால் கட்டவேண்டிய வரியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாகும். வரியே கட்டவேண்டாத ஏழைக்கு அதனால் பயனில்லை அன்றோ? இச்சலுகையோ அவ்வாறன்று. கட்டவேண்டிய வரியைவிடச் சலுகை மிகுதியானால், மிகுதியை அரசாங்கம் பணமாகவே கொடுத்துவிடும். முதலில் ஆண்டுக்கு 400 டாலரே இதன் உச்ச வரம்பு. பின்னர் 1986, 1990, 1993 ஆகிய ஆண்டுகளில் இது விரிவு பெற்றது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். இரண்டு குழந்தைகளை உடைய ஒரு தாய் 2023-ஆம் ஆண்டில் 20,000 டாலர் கூலி ஈட்டினாள் எனக் கொள்வோம். அவள் வருமான வரி கட்டவேண்டியதில்லை. அவளுக்குரிய இச்சலுகை 6,604 டாலர். அவளுடைய மாதக் கூலியோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ நான்கு மாதக் கூலி ஒரே நாளில் வந்து சேர்கிறது. இது சிறு தொகையன்று.

ஆனால் எந்த நாளில் வருகிறது? ஆண்டு முழுவதும் உழைத்து முடித்து, அடுத்த ஆண்டில் கணக்குக் கொடுத்த பின்னரே வருகிறது. பொய்க் கணக்குகளைத் தடுக்கும் பொருட்டு, பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன் இத்தொகையை அனுப்பலாகாது என்னும் விதியும் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே 2023 ஜனவரியில் பட்ட பாட்டுக்குரிய பணம் 2024 பிப்ரவரி இறுதியில் கைக்கு வரும். இடையில் பதின்மூன்று மாதங்கள். வாடகையும் மின்கட்டணமும் குழந்தையின் காய்ச்சலும் அதுவரை காத்திருக்குமா?

அக்டோபர் தொடக்கத்தில் அத்தாயின் பழைய மோட்டார் வண்டி பழுதாகிறது. வண்டியில்லையேல் வேலைக்குப் போக வழியில்லை. பழுது பார்க்க 300 டாலர் வேண்டும். வங்கி அவளுக்குக் கடன் கொடாது. அடுத்த சம்பள நாளை ஈடாகக் கொண்டு கடன் கொடுக்கும் கடைகள் அங்குப் பல மாநிலங்களில் உள்ளன. 100 டாலருக்கு இரண்டு வாரத்துக்கு 15 டாலர் கட்டணம் என்பது அக்கடைகளில் பெருவழக்கு. ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் நூற்றுக்கு 390 ஆகும்! இரண்டு வாரம் கழிந்ததும் முதலைத் திருப்ப இயலாமல் 45 டாலர் கட்டணத்தை மட்டும் கட்டித் தவணையைப் புதுப்பிக்கிறாள். இவ்வாறே இருபது வாரங்கள் செல்கின்றன. கட்டிய கட்டணம் 450 டாலர். முதல் 300 டாலர் அப்படியே நிற்கிறது. பிப்ரவரியில் அரசாங்கப் பணம் வந்ததும் அந்த முதலையும் தீர்க்கிறாள். 300 டாலருக்கு அவள் கொடுத்தது 750 டாலர்.

காத்ரின் எடின் முதலிய நான்கு சமூகவியல் அறிஞர்கள் பாஸ்டன் பகுதியில் இச்சலுகை பெறும் குடும்பங்களோடு உரையாடி, 2015-இல் ஒரு நூல் வெளியிட்டனர். அப்பணத்தில் கணிசமான பங்கு பழைய கடனுக்கும் நிலுவைக்குமே செல்வதை அந்நூல் எடுத்துக் காட்டுகிறது. ஊதாரிகள் என்ற பழிச்சொல் இவர்களுக்குப் பொருந்தாது. கை நிறையப் பணம் வந்த நாளில் கடனை நினைப்பவர் ஊதாரியாவது எங்ஙனம்?

அவ்வாறாயின் மாதந்தோறும் பிரித்துக் கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சலுகையின் ஒரு பகுதியை முதலாளி வாயிலாகக் கூலியோடு முன்கூட்டியே பெறும் ஏற்பாடு 2010 வரை இருந்தது. ஆனால் மிகச் சிலரே அதனை நாடினர். வருமானம் எதிர்பாராது மாறினால், பெற்றதைத் திருப்பிக் கட்ட நேருமோ என்ற அச்சம் ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. மாதந்தோறும் வரும் சிறு தொகை கரைந்துவிடும். மொத்தமாக வந்தால் கடனைத் தீர்க்கலாம், வண்டி வாங்கலாம், நல்ல வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். மொத்தத் தொகைக்கும் ஒரு நன்மை உண்டு என்பதை மறுத்தல் கூடாது.

எனினும் 2021-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது. குழந்தைகளுக்கான வேறொரு வரிச் சலுகையை அவ்வாண்டு உயர்த்தி, அதில் பாதியை ஜூலை முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் வழங்கினர். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 300 டாலர். அதற்கு மேல் பதினேழு வயது வரை 250 டாலர். கூலி வேலை கிடையாத தாய்க்கும் அது கிடைத்தது. நாலு வயதும் எட்டு வயதுமான இரு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மாதம் 550 டாலர். அந்தத் தொகை கையில் இருக்க, வண்டி பழுதுக்கு 300 டாலர் கடன் தேடி ஓடுவானேன்? உணவுக்கும் உடைக்கும் கடனடைக்கவும் இதனைச் செலவிட்டதாகவே பெற்றோர் பலர் கூறினர். அவ்வாண்டின் இறுதியோடு இவ்வுயர்வு காலாவதியாயிற்று. அரசாங்க உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் ஓர் அளவுகோலின்படி, 2021-இல் வறுமையுற்ற சிறுவர் நூற்றுக்கு 5.2, 2022-இல் அது 12.4. பெருந்தொற்றுக் கால உதவிகள் பிறவும் அப்போது நின்றன. ஆகவே இஃதொன்றே காரணம் அன்று. ஆயினும் முதன்மையான காரணங்களுள் இதுவும் ஒன்று.

இதனால் நாம் அறிவது யாது? ஆண்டுக்கு ஒரு முறை வரும் உதவி பழைய கடனைத் தீர்க்கிறது. புதுக் கடன் பிறப்பதைத் தடுக்க அதனால் இயலவில்லை. கடன் பிறக்கும் மாதத்திலேயே வரும் சிறு தொகை அதனைத் தடுக்கவல்லது. உதவியின் அளவு எவ்வளவு முக்கியமோ, அது வந்து சேரும் காலமும் அவ்வளவு முக்கியம்.

என் மாணவருள் சிலர் கட்டணம் கட்டப் பிந்தியபோது நான் கடிந்து பேசியதுண்டு. அவர்கள் வீட்டில் பணம் எந்த மாதத்தில் வரும் என்று கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை. நாளை உங்களுள் சிலர் ஆசிரியராகவும் அலுவலராகவும் சட்டம் இயற்றுவோராகவும் வருவீர்கள். முதல், வீதம், காலம் என்னும் மூன்றோடு இந்த நான்காவது கேள்வியையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.